மூன்றாம் டிவிஷன்காரர் காதில் வைத்த பஞ்சு

எங்கள் டாக்டரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. நான் டைப் அடித்துக் கொடுத்ததை அவர் திருப்பிப் படிக்கமாட்டார். பேசும்போது ஆளைப் பார்க்காமல் கையிலிருக்கும் தாளைப் பார்த்தே பேசுவார். முதல் பழக்கத்தால் ஒருநாள் என் வேலை போகப் பார்த்தது. அதுவரை போகாமல் இருந்தது இரண்டாவது பழக்கத்தால்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில் கிளினிக். கீழே காப்பிக்கடை. காலையில் ரொட்டி வாட்டும் வாசனை படியேறி வந்து நோயாளிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். டாக்டர் ஈப்போத் தமிழர், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். மூட்டுவாதம் அவருக்குப் பிரியமான நோய். நோயில் பிரியமானது என்று ஒன்று உண்டா என்று கேட்காதீர்கள். கப்பலில் வந்திறங்கும் மருத்துவப் பத்திரிகைகளை அவர் பிரிக்கும்போது முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் அவருடைய டைப்பிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஸ்பீட்தான்மா முக்கியம். கை ஓடலன்னா வேற ஆள் பாத்துக்குவேன், சொல்லிட்டேன்." என் கை ஓடியது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் என்னோடு படித்தவர்கள் பால்வாளி தூக்கிக்கொண்டிருந்தபோது நான் தட்டச்சுப் பள்ளியில் முதலாவதாக வந்தவள். வேறு எதிலும் நான் முதலாவது இல்லை. சமையலில் கடைசி. பாட்டில் கடைசிக்கும் கீழே. அந்தப் பத்து விரல்களைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்த விரல்கள்தான் வீங்கத் தொடங்கின.

முதலில் வலது கை நடுவிரல், பிறகு ஆள்காட்டி விரல், பிறகு இடது கையிலும் அதே இரண்டு. காலையில் எழுந்தால் கை மடங்காது. கிளினிக்குக்கு அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, பின்கட்டில் வாளி நிறைய வெந்நீர் வைத்துக் கையை முக்கிக்கொண்டு உட்காருவேன். கதவை முழங்கையால் திறக்கப் பழகினேன். ரொம்ப மோசமான நாட்களில் பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் ரப்பர் முனையால் எழுத்துகளைக் குத்துவேன். மூட்டுவாத டாக்டரின் அறைக்கு வெளியே, பத்தடி தூரத்தில், எட்டு மாதம் இந்தக் கூத்து நடந்தது. விளக்கடியில் இருட்டு என்பார்களே, அந்த இருட்டில் நான் வசதியாகக் குடியிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பயம். சொன்னால் நான் நோயாளி. நோயாளி நாற்காலி அறைக்கு உள்ளே இருந்தது, டைப்பிஸ்ட் நாற்காலி வெளியே இருந்தது. இரண்டிலும் ஒரே ஆள் உட்கார முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் மறைக்க முடியவில்லை. தோட்டத்து வேலை முடிந்து அப்பாவும் அம்மாவும் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிப் போவேன். அம்மா என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் நோயைக் கண்டுபிடித்தார்.

"சத்து இல்ல."

சத்து ஏற்றும் படலம் ஆரம்பமானது. ஆட்டுக்கால் சூப், முருங்கைக்கீரை, சீன மருந்துக்கடை வேர்கள் போட்டு வேகவைத்த கருங்கோழி. கருங்கோழிக்கும் மசியவில்லை என்றதும் அம்மா கடைசி ஆயுதத்தை எடுத்தார். கறுப்பு பீர், அதில் ஒரு பச்சை முட்டை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கும் அதே மருந்து. இதில் சிக்கல் என்னவென்றால் அப்பா எங்கள் கிறிஸ்தவச் சபையில் மூப்பர். குடிக்கு எதிராகக் கைதூக்கிச் சத்தியம் செய்தவர், மற்றவர்களையும் செய்ய வைத்தவர். அதனால் அம்மா பீரை இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தார்.

"மருந்துன்னா ஆண்டவர் ஒன்னும் சொல்லமாட்டாரு. கண்ண மூடிக் குடி."

நானும் குடித்தேன். வீக்கம் குறையவில்லை. பாட்டு மட்டும் கொஞ்சம் நன்றாக வந்த மாதிரி எனக்கே தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டருக்கு ஒரு சொற்பொழிவு வாய்த்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடும் ஒரு கிளப்பில், பாமரருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் நாற்பது நிமிடம் பேச வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த தலைப்பு, இன்டர்லூக்கின் ரிசெப்டர். பாமரர்கள் தப்பிக்க வழியே இல்லை.

தன் கையெழுத்துத் தாள்களிலேயே ஏழு முறை திருத்தி எழுதினார், ஏழு முறையும் நான்தான் அடித்தேன். இன்டர்லூக்கின் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடிக்கப் பதினோரு எழுத்து. அதில் வலது நடுவிரல் மூன்று முறை இறங்க வேண்டும், ஆள்காட்டி விரல் மூன்று முறை. நல்ல விரல்கள் எல்லாம் சும்மா இருக்க, வீங்கியவை மட்டும் ஓடியாடி வேலை செய்ய வேண்டும். என்னைப் பழிவாங்கவே யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் என்றுதான் நினைத்தேன்.

ஆறாவது முறை அடிக்கும்போதுதான் எழுத்துகளுக்குள்ளிருந்து விஷயம் எட்டிப்பார்த்தது. நம் ரத்தத்தில் காவல்கார அணுக்கள் இருக்கின்றன. கிருமியைக் கண்டதும் அவை ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. அந்தக் கூப்பாடுதான் இன்டர்லூக்கின். கூப்பிட்டால் போதாது, கேட்கக் காது வேண்டும். அணுவின் மேல்தோலில் இருக்கும் அந்தக் காதுதான் ரிசெப்டர். சும்மா இருக்கும் அணுவுக்கு அந்தக் காது ரொம்பக் குறைவு. உசுப்பிவிட்டால் காதுகள் கூடும், கூப்பாடும் கூடும். தான் போட்ட சத்தத்தைத் தானே கேட்டு, இன்னும் உசும்பி, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகும். கிருமி செத்ததும் அடங்கிவிட்டால் நல்லது. சிலருக்கு அது அடங்குவதில்லை. கிருமியே இல்லாத மூட்டுக்குள் கூடிக்கொண்டு, சொந்த எலும்பையே அரிக்கும். வேலியே பயிரை மேய்கிற கதை. இதற்குக் காரணம் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனது அல்ல, அந்தச் சக்திக்கு நிறுத்தத் தெரியாமல் போனது என்று எழுதியிருந்தார்.

பென்சிலைக் கீழே வைத்தேன். சத்துக் குறைவே இல்லையாம். கருங்கோழிகளை நினைத்துப் பாவமாக இருந்தது.

அதே பக்கத்தின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. 'இத்தகைய நோயாளியின் கைகளை ஒருமுறை பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவர் அறிந்துகொள்வார்.'

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் சூடு குறையாமல் எடுத்துத்தர முடியும். மறைத்தது நான்தான், தெரியும். ஆனாலும் எட்டு மாதம்! அந்தக் கைகளே இந்த வரியை ஆறாவது தடவை அடிக்கின்றன. அனுபவமுள்ள மருத்துவராம்.

ஏழாவது தடவை அடித்தபோது, அந்த வரியையும் அதற்கு முன்னால் இருந்த வறட்டுப் பத்தியையும் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் எங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்தின் கதையை எழுதினேன்.

அது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்குப் பதிமூன்று வயது. எங்கள் தோட்டம் ஒரு குன்றைச் சுற்றி மூன்று டிவிஷன்களாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குக் கூப்பிட அதைத்தான் அடிப்பார்கள். புதிதாக வந்த சின்னத் துரை ஒரு சட்டம் போட்டார். எங்காவது தீப்பிடித்தால் விடாமல் அடிக்க வேண்டும். ஒரு டிவிஷனில் அடிப்பது கேட்டால் அடுத்த டிவிஷன் அடிக்க வேண்டும், அது கேட்டு அதற்கடுத்தது. நல்ல சட்டம்தான். தோட்டம் குன்றைச் சுற்றி வட்டமாக இருக்கிறது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

முதல் டிவிஷனில் மணி அடிப்பவர் என் அப்பா. ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கூடத்துக்கு விறகு போடுபவரும் அவரே. ஒருநாள் மத்தியானம் உள்ளே ஒரு ஷீட் நழுவி நெருப்பில் விழுந்து பற்றிக்கொண்டது. அப்பா சட்டப்படி மணியை அடித்துவிட்டு ஓடிப்போய் இரண்டு வாளித் தண்ணீரில் தீயை அணைத்துவிட்டார். எரிந்தது இரண்டே ஷீட். அப்பாடா என்று வெளியே வந்தால், மூன்றாம் டிவிஷனில் மணி கேட்கிறது. அங்கேயும் தீ போலிருக்கிறது என்று அப்பா மறுபடி அடித்தார். அதைக் கேட்டு இரண்டாம் டிவிஷன் அடித்தது. அதைக் கேட்டு மூன்றாம் டிவிஷன். குன்றைச் சுற்றி மணி போய்க்கொண்டே இருந்தது.

மூன்று டிவிஷன் ஆட்களும் வாளி, பாராங் கத்தி, கோடரியோடு வந்து சேர்ந்தார்கள். தீ எங்கே என்று தேடினார்கள். தீ இல்லை. ஆனால் புகைக்கூடத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. புகைக்கூடத்தில் புகை வராமல் வேறென்ன வரும்?

"அது பொகையிற வீடுதான்யா! ஒடைக்காதீங்கய்யா!" என்று அப்பா கத்தியதை மணிச் சத்தத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பலகைச் சுவரைப் பிளந்தார்கள், தகரத்தைப் பிரித்தார்கள், காய்ந்த ஷீட்டுகளை இழுத்துச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். ஒவ்வொரு தடவை மணி கேட்டபோதும் இன்னும் கொஞ்சம் உற்சாகமாக உடைத்தார்கள். தீ எரித்தது இரண்டு ஷீட், காப்பாற்ற வந்தவர்கள் அழித்தது ஒரு முழுக் கூடம்.

இதைத்தான் அடித்தேன். அப்பா அதற்குப் பிறகு பட்டதை எழுதவில்லை. மணி வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். கடைக்குப் போனால், "என்னண்ணே, இன்னிக்கு மணி அடிச்சாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வருஷக்கணக்காகக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் மணி என்ற சொல்லையே நாங்கள் உச்சரிப்பதில்லை. மூப்பராக இருந்தும், கோயில் மணிக் கயிற்றை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

சொற்பொழிவு நாளன்று சாயங்காலம் ஸ்லைடு மாற்ற டாக்டர் என்னையும் கூட்டிப்போயிருந்தார். இருட்டில் நின்றேன். இருபதாவது நிமிடத்தில் முன்வரிசையில் ஒருவர் குறட்டைவிட ஆரம்பித்தார். டாக்டர் பக்கத்தைத் திருப்பினார், "சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில்" என்று படித்தார், நின்றார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தொடர்ந்து படித்தார்.

புகைக்கூடம் உடைபட்ட இடத்தில் கூட்டமே உருண்டு புரண்டு சிரித்தது. குறட்டைக்காரர் விழித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் முதலிலிருந்து கேட்டுக்கொண்டார். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இத்தனை காதுகள் டாக்டர் பேச்சை ஒன்றாகக் கேட்டது அதுவே முதல் தடவை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை நான் வாளித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் வந்ததே கிடையாது. அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்குப் போனேன். கையில் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு, வழக்கம்போல அதைப் பார்த்தே பேசினார்.

"இது நான் எழுதுனது இல்ல."

"இல்ல, டாக்டர்."

"ஏம்மா, என்கிட்ட கேக்காம என் பேச்சுல கைய வைக்கிறது நியாயமாலா?"

"இல்ல, டாக்டர்."

தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு குரல் மாறியது. "சரி. அந்த மணி எப்படித்தான் நின்னுச்சு? அத எழுதலியே. ராத்திரி பூரா அதையேதான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மூணாம் டிவிஷன்ல மணி அடிக்கிறவருக்கு அன்னிக்குக் காதுவலி, டாக்டர். ரெண்டு மூணு சுத்து அடிச்சுப் பாத்தாரு. சத்தத்துல வலி தாங்கல. எண்ணெயில நனைச்ச பஞ்ச ரெண்டு காதுலயும் வச்சி அடைச்சிட்டு, பலாமரத்தடியில போய்ப் படுத்துட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டாம் டிவிஷன் அடிச்சது அவருக்குக் கேக்கல. கேக்காததால அவரு அடிக்கல. நின்னுடுச்சு."

டாக்டர் தாளைக் கீழே வைத்துவிட்டார். முதல் தடவையாக வெறுங்கையோடு நின்றார். "ரிசெப்டர அடைச்சிட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மணிய ஒடைக்கல, ஆள அடிக்கல. காத மட்டும் அடைச்சிட்டாரு!" பார்க்கத் தாள் இல்லாததால் அவர் கண் மேசைக்கு வந்தது. மேசையில் என் கைகள் இருந்தன. வெந்நீரில் சிவந்து, முட்டிகள் புடைத்து, பக்கத்தில் தலைகீழாக ஒரு பென்சிலோடு.

மறைக்கவில்லை. மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது.

"எத்தன நாளா?"

"எட்டு மாசமா."

அவர் என் நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோயாளி நாற்காலிக்குப் போகச் சொல்லவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். "இதப்பத்தியேதான் ஏழு தடவ எழுதிக்கிட்டு இருந்தேன்," என்றார். "என்னா டாக்டர்லா நானு." நான் அழுதேன். வேலை போகாது என்று அவர் சொல்வதற்கு முன்பே அழுதேன், சொன்ன பிறகும் அழுதேன்.

"அந்தப் பஞ்சு இன்னும் வரலம்மா," என்றார். "வெளிநாட்டுல தேடிக்கிட்டு இருக்காங்க. இந்த ஒரு காத மட்டும் அடைக்கிற மருந்து என்னிக்காவது வரும். இப்ப என்கிட்ட இருக்கிறது எல்லாக் காதையும் கொஞ்சம் கொஞ்சம் மந்தமாக்குற மாத்திரைதான். அதோட தங்க ஊசி, தங்கம் கலந்த மருந்து. இப்படியே விட்டா ரெண்டு வருஷத்துல வெரல் கோணிடும். சாப்புடுவியா?"

சனிக்கிழமை வீட்டில் மருந்தைக் காட்டினேன். தங்க ஊசியை அம்மா உடனே ஏற்றுக்கொண்டார். "தங்கமா? கழுத்துல போட வேண்டியத ஊசியிலயா போடுறாங்க? பரவால்ல, ஒடம்புலதானே இருக்கும்." மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்றதும் பிடித்துக்கொண்டார். "இருக்கிற சத்தையும் கொறைக்கிறதுக்கு ஒரு மருந்தா? எந்த மடையன் குடுத்தான்? இதத் தொட்டா நான் சும்மா இருக்கமாட்டேன்!" என்று மாத்திரை உறையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அரிசி டின்னிலிருந்து இருமல் மருந்துப் போத்தல் வந்தது. முட்டை உடைபட்டது.

அப்பா மூலையில் வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். "டாக்டர் என்னதாம்மா சொல்றாரு?" என்று கேட்டார்.

அவரிடம் வேறு எந்தக் கதையைச் சொல்லி விளக்குவது? எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். பதினாலு வருஷமாக வீட்டில் பேசாத மணியைப் பேசினேன். என் கைக்குள் இப்போது தீயே இல்லை, மணி மட்டும் சுற்றிச் சுற்றி அடிக்கிறது, வந்தவர்கள் என் மூட்டுகளை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், மூன்றாம் டிவிஷன்காரர் பஞ்சு மாதிரி ஒரு மருந்து இன்னும் வரவில்லை, அதுவரை இந்த மாத்திரைதான் என்று சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

அவர் எழுந்து வந்தார். என் வலது கையை எடுத்து, உடைந்த புகைக்கூடத்துச் சுவரைத் தடவுவதுபோல நடுவிரல் முட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு அம்மா நீட்டிக்கொண்டிருந்த கிளாசை வாங்கினார். சபை மூப்பர், முட்டை மிதக்கும் கறுப்பு பீரை, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாசைக் கவிழ்த்து வைத்தார்.

"ஐயையோ, என்னாங்க இது!"

"மருந்துன்னா ஆண்டவர் ஒன்னும் சொல்லமாட்டாரு," என்றார் அப்பா, மீசையைத் துடைத்துக்கொண்டே. அப்படியானால் அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. "மாத்திரைய அவகிட்ட குடு. தீ அணைஞ்சப்புறம் அடிக்கிற மணி என்ன பண்ணும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அம்மா முடிச்சை அவிழ்த்தார்.

மாத்திரையும் தங்கமும் வேலை செய்தன. இரண்டு விரல் கோணியதுதான், மற்ற எட்டும் நேராக நின்றன. டாக்டர் மின்சார டைப்ரைட்டர் வாங்கினார். பேசும்போது ஆளைப் பார்க்கவும் பழகிக்கொண்டார், முதலில் கையை, அப்புறம்தான் முகத்தை. அப்பா சனிக்கிழமைதோறும் நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஒரே கேள்வி கேட்பார்.

"பஞ்சு வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்லப்பா."

"வந்தா மொதல்ல எனக்குச் சொல்லு."

அவர் இருந்தவரைக்கும் வரவில்லை. அவருக்குப் பின் பல வருஷம் கழித்து, என் தலை நரைத்த பிறகுதான், இன்டர்லூக்கின் ரிசெப்டரை மட்டும் அடைக்கும் ஊசி ஈப்போவுக்கு வந்தது. முதல் ஊசி போட்ட அன்று நாற்காலியில் சாய்ந்து, கையிலேறும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்துடுச்சுப்பா," என்று வாய்விட்டே சொன்னேன். யாரிடம் பேசுகிறேன் என்று நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.